முழு ஊரடங்கிலும் டோர் டெலிவரி என்றார்கள், 6,480 ரூபாய் போச்சு

செவ்வாய்க்கிழமை ராத்திரி, 2020 ஏப்ரல் 28. சென்னையில் கொரோனாவுக்காக முழு ஊரடங்கு ஆரம்பித்து இது மூன்றாவது நாள். எங்கள் வீட்டில் இன்றைக்கு இரண்டு வேளை குருணை உப்புமா, ஒரு வேளை கஞ்சி. சனிக்கிழமை வந்திருக்க வேண்டிய 6,480 ரூபாய் மளிகைச் சாமான் வரவில்லை, இனி வரவும் வராது. கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகப் போடுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. அது கடையே இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் அதே பெயரில் எங்காவது ஒருவர் நிஜமாகவே கடை வைத்திருந்தால் அவர் பிழைப்பில் மண் விழ வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டு வருவதாகச் சொல்லும், இந்த ஊரடங்கில் புதிதாக முளைத்த மளிகை நம்பர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை டிவியில் கீழே செய்தி ஓடியது. 26ஆம் தேதி முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு, சேலத்திலும் திருப்பூரிலும் 28 வரை. மளிகைக் கடையும் கிடையாது. போன மாதம் 24ஆம் தேதி சாயங்காலம் முதல் 144 தடை உத்தரவு என்று சொன்னபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனால் ரவை இல்லை, மைதா இல்லை, உளுந்து இருந்த அலமாரியில் விலைச் சீட்டு மட்டும் தொங்கியது. அந்த பயம் இன்னும் போகவில்லை. அப்பாவுக்கு 74 வயது, இரண்டு வருஷத்துக்கு முன் பைபாஸ் ஆனவர். நான் கூட்டத்தில் நின்று கொரோனாவை வாங்கிக்கொண்டு வந்து அவருக்குக் கொடுத்துவிட்டால்?

இந்த நேரத்தில்தான் எங்கள் அபார்ட்மென்ட் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. கூடை நிறைய காய்கறி, பக்கத்தில் அரிசி மூட்டை, மேலே தமிழக அரசு முத்திரை மாதிரி ஒன்று. ‘முழு ஊரடங்கு நாட்களிலும் டோர் டெலிவரி, போலீஸ் பாஸ் உள்ளது’ என்று எழுதியிருந்தது. செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஊரெல்லாம் சுற்றி வந்த செய்தி என்று அர்த்தம். அன்று அது கண்ணிலேயே படவில்லை, நம்பர் மட்டும்தான் தெரிந்தது.

கூப்பிட்டேன். ஒரு பையன் எடுத்தான். நல்ல சென்னைப் பேச்சு. வில்லிவாக்கம் என்றதும், ‘ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாண்ணா?’ என்று கேட்டான். நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எதற்குச் சொன்னேன்? அவன் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். இரண்டு நொடி பேச்சில்லை. அப்புறம் சொன்னான்: ‘அய்யய்யோ, நீங்க வரிசையில எல்லாம் போய் நிக்காதீங்கண்ணா. அப்பாவுக்கு மாத்திரை ஏதாவது வேணுமா சொல்லுங்க, வர வழியில மெடிக்கல்ல வாங்கிட்டு வரச் சொல்றேன். அதுக்குக் காசு அப்புறம் குடுங்க.’

அந்த ‘அப்புறம் குடுங்க’வில் விழுந்தேன். ஒரு மாதமாக ஆபீஸ், பேங்க், கேஸ் ஏஜென்சி என்று எல்லாரும் எரிந்து விழுகிற காலத்தில், முகம் தெரியாத ஒருவன் அப்பாவின் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறான். போனை வைத்ததும் மனைவியிடம், ‘இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு பையன்’ என்றேன். இதைத் தட்டச்சு செய்யும்போது கை கூசுகிறது.

பட்டியல் அனுப்பினேன். பொன்னி புழுங்கல் 25 கிலோ மூட்டை, துவரம்பருப்பு 5 கிலோ, உளுந்து 4 கிலோ, சன்ஃப்ளவர் எண்ணெய் 5 லிட்டர் கேன், நல்லெண்ணெய், புளி, மிளகாய், காபித்தூள், சோப்பு, சானிடைசர். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஏங்க, நாலு நாளைக்கு அஞ்சு கிலோ பருப்பா? கல்யாணமா நடக்குது?’ என்றாள். நாளைக்கு இன்னும் பத்து நாள் நீட்டித்தால் என்ன செய்வாய் என்று எரிந்து விழுந்தேன். வரிசையில் முன்னால் நின்று அலமாரியைக் காலி செய்கிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்த ஆள்தான் நான்.

பத்தே நிமிஷத்தில் பில் வந்தது. அச்சடித்த மாதிரி சுத்தமான பில். சானிடைசர் விலையைத்தான் முதலில் பார்த்தேன். 200 மில்லி நூறு ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு போன மாதமே உத்தரவு போட்டும், எங்கள் பக்கத்து மருந்துக் கடையில் அதையே 160 என்று வாங்கியிருந்தேன். இவன் சரியாக நூறு போட்டிருந்தான். நேர்மையான ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன். மொத்தம் 6,480 ரூபாய்.

பணம் அனுப்பச் சொன்னது ஒரு செல்போன் நம்பருக்கு. நம்பரைப் போட்டதும் திரையில் கடைப் பெயர் வரவில்லை, சம்பந்தமில்லாத ஒரு தனி ஆளின் பெயர், அதுவும் வடக்கத்திப் பெயர். கேட்டேன். ‘அது எங்க அக்கவுண்டன்ட் நம்பர்ண்ணா. காலையிலேர்ந்து ஆர்டர் குமியுது, கடை அக்கவுண்ட்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சு’ என்றான். பணம் வாங்குகிற கணக்குக்கு என்ன லிமிட் என்று யோசிக்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ரகசிய பின் நம்பரைப் போட்டேன், டிக் விழுந்தது, 6,480 போய்விட்டது.

சனிக்கிழமை காலை டிவியில் கோயம்பேட்டைக் காட்டினார்கள். மார்க்கெட் முழுக்கத் தலைகள், இடைவெளியாவது ஒன்றாவது. ‘பார்த்தியா, அந்தக் கூட்டத்துல நான் நின்னிருக்கணும்’ என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். வழக்கமாக ஒரு மணிக்கு மூடுகிற கடைகள் அன்று ஒருநாள் மட்டும் மூன்று மணி வரை இருக்கும் என்று அறிவித்தார்கள். எனக்கு என்ன கவலை, என் சாமான்தான் வந்துகொண்டிருக்கிறதே.

பத்து மணிக்குக் கேட்டேன், ‘லோடு ஏறிட்டு இருக்குண்ணா.’ பதினொன்றரைக்கு, ‘வண்டி கிளம்பிருச்சு, மாதவரம் தாண்டிருச்சு.’ ஒரு மணிக்கு, ‘செக்போஸ்ட்ல நிக்குதுண்ணா, பாஸ் காட்டிட்டு இருக்காங்க, பத்து நிமிஷம்.’ இரண்டேகாலுக்கு வேறு ஒருவன் எடுத்து, ‘எந்த ஆர்டர்?’ என்றான். இரண்டரைக்கு ரிங் போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் வயிற்றில் ஏதோ செய்தது.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஓடினேன், எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடைக்கு. நாலைந்து வருஷமாக நான் அந்தக் கடையில் தீப்பெட்டிக்கும் கொத்தமல்லிக்கும் தவிர நின்றதில்லை. மாதச் சாமான் எல்லாம் ஏசி போட்ட பெரிய கடையில்தான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களில் இன்னும் ஏழெட்டுப் பேர். என் முறை வந்தபோது மணி மூன்று ஆகப் பத்து. அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, ‘என்ன தம்பி, இப்பம் வாறீய?’ என்றார். அரிசி தீர்ந்திருந்தது. மூட்டையின் அடியில் கிடந்த குருணை மூன்று கிலோ, பாசிப்பருப்பு அரை கிலோ, கடலை எண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட், கொஞ்சம் வெங்காயம். 340 ரூபாய். பர்ஸைத் திறந்தால் இருநூறு ரூபாய்தான் இருக்கிறது. செல்போனைக் கையில் எடுத்தேன். ‘அதெல்லாம் அப்புறம் பாப்போம், நோட்டுல எழுதிக்கிடுதேன், நீங்க போங்க, போலீஸ் வந்துருவாவ’ என்று பையை என் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மளிகைப் பையனே கூப்பிட்டான். வண்டியை போலீஸ் பிடித்துவிட்டதாம், சாமான் ஸ்டேஷனில் இருக்கிறதாம். ‘கவலைப்படாதீங்கண்ணா, நாளைக்கு ரீஃபண்ட் போட்டுர்றேன்.’ ஊரெல்லாம் வண்டி பறிமுதல் செய்துகொண்டிருந்த சமயம், அதனால் அதையும் பாதி நம்பினேன்.

ஞாயிறு காலை செல்போனில் ஒரு கோரிக்கை வந்தது. தொகை 6,480. ‘அதை அமுக்கி பின் போடுங்கண்ணா, பணம் வந்துரும்.’ விரலை வைத்துவிட்டேன். பின்னால் நின்ற மனைவி போனைப் பிடுங்கினாள். ‘பணம் வர்றதுக்கு எதுக்குங்க பின்னு?’ உற்றுப் பார்த்தால் அது அவன் என்னிடமிருந்து பணம் கேட்கும் கோரிக்கை. போட்டிருந்தால் 12,960 போயிருக்கும். நான் கத்த ஆரம்பித்ததும் வைத்துவிட்டான். அதோடு எங்கள் எல்லோர் நம்பரையும் தடை செய்துவிட்டான். மாத்திரை வாங்கித் தருகிறேன் என்ற அதே ஆள்.

அதற்கப்புறம் அலைந்த கதை. அலைந்தது என்றால் வீட்டுக்குள்ளேயேதான், கையில் போனோடு. பணம் அனுப்பும் செயலியில் புகார் போட்டேன். ‘உங்கள் பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்தது’ என்று பதில் வருகிறது. தெரியும் ஐயா, அதுதான் பிரச்சினையே! திங்கட்கிழமை வங்கி உதவி எண்ணில் நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் வந்த பெண், ‘நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் சார், மோசடிப் பரிவர்த்தனைக் கணக்கில் வராது’ என்றார். அந்தக் கணக்கையாவது முடக்குங்கள் என்றேன். அதற்கு போலீஸ் கடிதம் வேண்டுமாம். ஸ்டேஷனுக்குப் போன் செய்தால், முதலில் வங்கியில் எழுதி வாங்குங்கள் என்றார் ஏட்டு. ‘பந்தோபஸ்துக்கே ஆள் இல்லை சார், லாக்டவுன் முடிஞ்சு வாங்க.’ தூங்கி நாலு நாள் ஆனவர் குரல். அவரிடம் கோபப்படவும் முடியவில்லை. படத்தைக் குழுவில் போட்ட புண்ணியவான், ‘நான் ஃபார்வர்ட்தான் பண்ணேன், எனக்கு எப்படித் தெரியும்?’ என்கிறார். இப்போது அவர் பதிவு இருந்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கிறது.

இதில் எனக்குப் பெரிய அவமானம் எது தெரியுமா? நான் 18 வருஷமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த பில்லை மறுபடி பார்த்தேன். பொருள் 5,492, ஜிஎஸ்டி 988, மொத்தம் 6,480. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரேயடியாகப் பதினெட்டு சதவீதம். இந்த 2020 விதிப்படி பிராண்டு இல்லாத அரிசிக்கும் பருப்புக்கும் வரியே கிடையாது, பிராண்டு போட்ட பைக்கும் எண்ணெய்க்கும் ஐந்து சதவீதம்தான். இது தெரியாதவனா நான்? ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்தால் 07 என்று ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டுக் கடைக்கு 33 என்று ஆரம்பிக்க வேண்டும், 07 டெல்லி. டெல்லியிலிருந்தா வில்லிவாக்கத்துக்குப் பருப்பு வரும்? ஆபீஸில் வேறு ஒருவர் இந்த பில்லைக் கொண்டு வந்திருந்தால் பத்து நொடியில் திருப்பி அடித்திருப்பேன். சானிடைசர் நூறு ரூபாய் என்றதும் மற்ற எதையும் என் கண் பார்க்கவில்லை.

6,480 ரூபாய். ஏப்ரலில் பாதிச் சம்பளம்தான் என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதம் ரேஷனில் கார்டுக்கு ஆயிரம் கொடுத்தார்களே, அப்படி ஆறு வீட்டுக்குக் கொடுத்த பணத்துக்கும் மேல். அப்பாவிடம் இன்னும் தொகையைச் சொல்லவில்லை. ‘வண்டி வரலையாப்பா’ என்று மட்டும் கேட்டுவிட்டு உப்புமாவைச் சாப்பிடுகிறார்.

விரிவாகப் போடுகிறேன் என்றேன். இப்போது அதற்குத் தெம்பில்லை, முக்கியமானது மட்டும். முன்பணம் கேட்டால் வேண்டாம், சாமான் கைக்கு வந்தபின் கொடுங்கள். திரையில் கடைப் பெயருக்குப் பதில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் ஒருபோதும் வேண்டாம், கியூஆர் ஸ்கேன் பண்ணச் சொன்னாலும் அதே கதைதான். ஏமாந்துவிட்டால் ஸ்டேஷனுக்குப் போக முடியவில்லை என்று உட்கார்ந்திருக்காமல் மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். நான் நேற்றுப் போட்டேன், ஒப்புகை எண் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம், அந்தப் படம் உங்கள் குழுவில் வந்தால் தயவுசெய்து யாருக்கும் தள்ளிவிடாதீர்கள்.

வியாழக்கிழமை கடை திறந்ததும் அண்ணாச்சிக்கு 340 கொடுக்க வேண்டும்.