ஃபார்மேட் போடாம வியாதிய கண்டுபுடிச்ச கடை

ரெண்டு மாசமா வீட்டு டெஸ்க்டாப்ல ப்ளூ ஸ்க்ரீன். எக்செல்ல கணக்கு போட்டுட்டு இருப்பேன், டபக்குனு நீலமா மாறி அந்த சோக மூஞ்சி வரும், தானா ரீஸ்டார்ட் ஆகும். ஏரியால ஒரு சர்வீஸ் கடைல குடுத்தேன், மூடிய கழட்டிக்கூட பாக்காம ஃபார்மேட் போட்டு 800 ரூபா வாங்கிட்டாங்க, அஞ்சாம் நாளே மறுபடி நீலம், திரும்ப தூக்கிட்டுப் போனா "மதர்போர்டு போயிருச்சு சார், மாத்தணும்"ங்கறாங்க. அப்புறம்தான் ஃப்ரெண்டு ஒருத்தன் சொல்லி சிபியூவ ஆட்டோல வச்சுக்கிட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வந்து இந்த கடையப் புடிச்சேன்.

கடைக்கார அண்ணன் மொதல்ல கேட்டதே "ப்ளூ ஸ்க்ரீன போட்டோ எடுத்து வச்சிருக்கீங்களா?"னுதான். நல்லவேளை போன்ல நாலஞ்சு இருந்துச்சு. ஒரே டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) ஃபைல் பேரு திரும்பத் திரும்ப வந்தா அந்த டிரைவர்மேல சந்தேகப்படலாம், உங்களுக்கு தடவைக்கு ஒரு எரர் கோடு வருது, மொதல்ல ரேமப் பாப்போம்னாரு. ரெண்டு எட்டு ஜிபி ஸ்டிக்கையும் கழட்டி, தங்க கலர் பல்லு இருக்குல்ல, அத ஸ்கூல் பசங்க ரப்பர் வச்சே தேச்சாரு, ஸ்லாட்டுக்கு ப்ளோயர் அடிச்சாரு. பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86னு ரேம டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேர போட்டு ஒரு ஸ்டிக்க மட்டும் சொருகி ஓடவிட்டாரு, சுத்தமா பாஸ். அடுத்தத சொருகினா கொஞ்ச நேரத்துலயே செவப்பு செவப்பா எரர் கொட்டுது. அதோட விடல, அதே ஸ்டிக்க பக்கத்து ஸ்லாட்டுல மாத்திப் போட்டாரு, எரர் கூடவே போச்சு. "எரர் ஸ்லாட்டுலயே நின்னிருந்தா போர்டுதான் சார், ஸ்டிக்கோட போகுது, அப்ப ஸ்டிக்குதான்." போர்டு மாத்தச் சொன்ன ஆள நெனச்சு வயிறு எரிஞ்சுது.

இன்னொரு தொல்லையும் இருந்துச்சு, வீடியோ ஓடும்போது ஸ்க்ரீன் ஒரு செகண்ட் கருப்பாகி வரும். அதுக்கு நான் காசு குடுத்து ஒரு டிரைவர் அப்டேட்டர் வேற வாங்கி வச்சிருந்தேன் (சிரிக்காதீங்க). பாத்ததும் மொதல்ல அதத் தூக்கினாரு. நெட் கேபிள புடுங்கிட்டாரு, இல்லன்னா நடுவுல விண்டோஸே ஒரு டிரைவர இறக்கிருமாம். சேஃப் மோடுல டிடியூனு ஒரு டூல் வச்சு பழைய கிராஃபிக்ஸ் டிரைவர தடம் இல்லாம தொடச்சுட்டு, கார்டு கம்பெனி சைட்லருந்து எடுத்தத போட்டாரு. மூணு வாரம் ஆச்சு, நீலமும் இல்ல கருப்பும் இல்ல.

500 ரூபாதான் வாங்கினாரு. எனக்குப் புடிச்சது, புது ரேம் விக்கப் பாக்கல, "ஸ்டிக்கருல சீரியல் நம்பர் இருக்கு, வாரண்டில கேட்டுப் பாருங்க, அதுவரைக்கும் எட்டுலயே ஓட்டுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

குறை இல்லாம இல்ல. நாலு மணி நேரம் ஸ்டூல்ல உக்கார வச்சுட்டாரு, நடு நடுவுல வந்தவங்களுக்கெல்லாம் மவுஸ் வித்துட்டு இருந்தாரு. மாடிப்படி ரொம்ப குறுகல், சிபியூவ தூக்கிட்டு ஏர்றதுக்குள்ள மூச்சு முட்டும், தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டுப் போங்க. பில்லும் கேட்டாத்தான் குடுப்பாரு. அஞ்சுக்கு நாலு ஸ்டார்.