குரோமா, நைட்ரைடா, எவர்சில்வரா? 600 கஜத்துக்கு ஒரு குழல்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்ற சுடுதளம் இருக்கிறது. தேசிய ரைபிள் போட்டிகள் 1907இல் அங்கே வந்து சேர்ந்தன. 600 கஜ இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12 அங்குலம். அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் 6 அங்குலம். போட்டி ரைபிளுக்கு எந்தக் குழல் நல்லது என்ற சண்டையை இந்த இரண்டு எண்களை முன்னால் வைத்துப் பேசினால் பாதி அடங்கிவிடும்.

குழலின் சிதறலை எம்ஓஏ என்ற கோண அளவில் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) சொல்வார்கள். 600 கஜத்தில் ஒரு எம்ஓஏ ஏறக்குறைய ஆறேகால் அங்குலம். இரண்டு எம்ஓஏ சிதறும் குழல் பத்து வட்டத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். காற்றுக்கும் சுடுபவரின் மூச்சுக்கும் அதில் இடமே இல்லை.

உள்ளே குரோம் பூசிய குழல் அந்த எல்லையில்தான் தத்தளிக்கிறது. அது போட்டிக்காகப் பிறந்ததும் அல்ல. வியட்நாமின் ஈரத்தில் எம்16 ரைபிளின் தோட்டா அறை அரித்து, சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல் சிக்கியது. முதலில் அறைக்கும், பிறகு குழல் முழுவதற்கும் குரோம் பூசினார்கள். எஃகு ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸில் உருகும். குரோமுக்கு 1,900 வேண்டும். அதனால் 10,000 தோட்டா தாண்டியும் அது உழைக்கும். ஆனால் மின்முலாம் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் படிவதில்லை. பூசிய பிறகு தேய்த்துச் சமப்படுத்தவும் வழியில்லை. ஒன்றரை எம்ஓஏ கிடைத்தால் நல்ல யோகம்.

நைட்ரைடு செய்த குழலில் பூச்சு கிடையாது. நைட்ரஜன் ஏற்றி எஃகின் மேற்பரப்பே கடினமாக்கப்படுகிறது. எனவே அளவு மாறாது, துருவும் எளிதில் அண்டாது. வாரக் கடைசியில் பொழுதுபோக்காகச் சுடுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். அதற்கு மேல் நீட்டிப் பேச அதில் எதுவும் இல்லை.

போட்டியாளர்கள் கைவைப்பது 416ஆர் என்ற எஃகு வகையில் செய்த, பூச்சில்லாத ஸ்டெயின்லெஸ் குழலில். (எவர்சில்வர் பாத்திரத்துக்கு உறவு என்று நம்பி ஈரத்தில் விடாதீர்கள், இதில் காந்தமும் ஒட்டும், துருவும் பிடிக்கும்.) உள்ளே சுருள் பள்ளங்களை வெட்டிய பிறகு, ஈயக் கட்டியில் அரைப்பான் பசை தடவி முன்னும் பின்னும் கையால் இழுத்து மெருகேற்றுவார்கள். விரலுக்குத்தான் தெரியும், எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று. அரை எம்ஓஏ சிதறல் இந்தக் கைவேலையில் வருவது.

விலை ஆயுளில் கொடுக்க வேண்டும். .223 என்ற தோட்டா வகையில் 3,000 முதல் 5,000 முறை சுடும் வரை. அதற்குப் பிறகு 600 கஜத்துக்கு அதை நம்ப முடியாது. குண்டு உரசித் தேய்வது சொற்பம், தின்பது சூடு. போர்ஸ்கோப் என்ற சிறு கேமராவை அறைக்கு முன்னே, தொண்டை என்று சொல்லும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கோடையில் வற்றிய ஏரித்தரை போல எஃகு கட்டம் கட்டமாக வெடித்துக் கிடக்கும். தள்ளிப் போகப் போகப் பள்ளங்கள் புதுக் குழல் போலவே பளபளக்கும். தொண்டை தேயத் தேய, குண்டு பள்ளத்தைப் பிடிக்கும் முன் தாவும் தூரம் கூடுகிறது. ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் நீளத் தோட்டாவில் குண்டைக் கொஞ்சம் வெளியே தள்ளிப் பொருத்தி ஈடுகட்டலாம். மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) போகும் தோட்டாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. நீளம் கூடினால் உள்ளே நுழையாது.

எஃகைவிடத் தோட்டாதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. ஒரே எஃகில் .308 தோட்டா வகைக்கான குழல் 5,000 தாண்டும், மற்ற வகைகளில் 6.5 கிரீட்மூர் 2,000 முதல் 3,000 வரை; 6 மில்லிமீட்டர் கிரீட்மூர் 1,500க்கே மூச்சு வாங்கும். சின்னத் துளை வழியே நிறைய வெடிமருந்தை எரித்தால் வேறென்ன நடக்கும்? .308 பிடித்துக்கொண்டு ஸ்டெயின்லெஸ் வாங்குபவர், 6 மில்லிமீட்டருக்குக் குரோம் தேடுபவரைவிட நெடுநாள் நிம்மதியாக இருப்பார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோட்டா ஒன்று ஒரு டாலர், குழல் பொருத்துக்கூலியோடு 800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 3,000 தோட்டாவுக்கு 3,000 டாலர் எரித்தவர், 800 டாலரைக் காப்பாற்ற மோசமான குழலில் அதைச் சுடுவது வீண் சிக்கனம். உண்மையான இழப்பு வேறு: போட்டிப் பருவத்தின் நடுவில் குழல் போனால், குறிபார்க்கும் அமைப்பையும் வெடிமருந்தின் அளவையும் முதலிலிருந்து தேட வேண்டும். ஆகவே என் தேர்வு .223இல் கையால் மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ்; பருவம் தொடங்கும் முன்பே மாற்றுக் குழலும் வாங்கி எண்ணெய் தடவி வைத்துவிடுவது.

சுட்ட எண்ணிக்கையைத் தோட்டாப் பெட்டி மூடியில் எழுதி வையுங்கள். 3,000 தாண்டிய பிறகு, காற்றைக் காட்டும் கொடி அசையாத நேரத்தில் ஒரு எட்டுப் புள்ளி விழுந்தால், காற்றைத் திட்டுவதற்கு முன் போர்ஸ்கோப்பை எடுங்கள்.