தேன்மெழுகுப் பாஸ்கா திரி: ஒரு மதிப்புரை

ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமும் 7 சென்டிமீட்டர் குறுக்களவும் கொண்ட, முழுவதும் தேன்மெழுகால் வார்க்கப்பட்ட பாஸ்கா திரி எனப்படும் பெரிய மெழுகுதிரி ஒன்றை உயிர்ப்புப் பெருவிழாவுக்காக (ஈஸ்டர்) எங்கள் ஆலயத்திற்கு வாங்கினோம். பாஸ்கா திருவிழிப்பில், அதாவது உயிர்ப்பு இரவு வழிபாட்டில், அது ஏற்றப்பட்டது முதல் தூய ஆவியார் பெருவிழா வரை அதைப் பேணும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பாஸ்கா திரியை வாங்குவோர் பெரும்பாலும் அதன் வண்ண ஓவியத்தையே முதலில் பார்க்கின்றனர். ஆனால் உயிர்ப்பு இரவு வழிபாடு அதனிடம் என்ன வேலை வாங்குகிறதோ, அந்த வேலைக்கு அது ஈடுகொடுக்கிறதா என்பதே முதன்மையான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

முதல் வேலை ஆலயத்திற்கு வெளியே, மந்திரிக்கப்பட்ட புதுத் தீயின் அருகே தொடங்குகிறது. அருள்பணியாளர் திரியில் சிலுவை வரைந்து, அதன் மேலே அகரத்தையும் கீழே னகரத்தையும், சிலுவையின் நான்கு மூலைகளில் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களையும் பொறிக்கிறார். காலம் முழுவதும் உயிர்த்த கிறிஸ்துவுக்கு உரியது என்னும் அறிக்கை அது. நாங்கள் முன்பு பயன்படுத்திய பாரஃபின் (பெட்ரோலிய மெழுகு) திரியில் எழுத்தாணி பட்ட இடமெல்லாம் மெழுகு சில்லுகளாகப் பெயர்ந்தது. இந்தத் தேன்மெழுகு இளக்கமானது என்பதால் கோடுகள் ஆழமாகவும் தெளிவாகவும் விழுந்தன. உற்பத்தியாளர் ஆண்டு இலக்கங்களை முன்கூட்டியே ஒட்டி அனுப்பாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஆண்டவரின் ஐந்து திருக்காயங்களைக் குறிக்கும் சாம்பிராணி மணிகளைப் பதிப்பதற்கான துளைகள் மிகவும் குறுகலாக உள்ளன. அவற்றை முந்தைய நாளே சற்று அகலப்படுத்திக்கொள்ளாவிட்டால், மக்கள் அனைவரும் காத்திருக்கும் நேரத்தில் அருள்பணியாளர் தடுமாற நேரிடும்.

அடுத்தது பவனி. விளக்குகள் அணைக்கப்பட்ட ஆலயத்திற்குள் இந்த ஒரே சுடர் முன்செல்ல, "கிறிஸ்துவின் ஒளி" என்று மூன்று முறை பாடப்படுகிறது. மக்கள் தங்கள் கையிலுள்ள சிறு திரிகளை அதிலிருந்தே ஏற்றிக்கொள்கின்றனர். எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரயேலருக்கு இரவில் வழிகாட்டிய நெருப்புத் தூணைத் திருச்சபை இத்திரியில் காண்கிறது. ஆகவே வாசலில் வீசும் காற்றுக்கே அணைந்துவிடும் திரியால் பயனில்லை. இதன் பருத்தித் திரிநூல் தடிமனாகப் பின்னப்பட்டிருப்பதால் சுடர் ஆடினாலும் அணையவில்லை. கரும்புகையும் குறைவாகவே இருந்தது. தொடர்ந்து பாடப்படும் பாஸ்கா புகழுரை, இத்திரியைத் தேனீக்களின் உழைப்பால் உருவான காணிக்கை என்றே இறைவனிடம் ஒப்புக்கொடுக்கிறது. தேன்மெழுகின் மணம் மெல்லப் பரவிய அந்த வேளையில் அச்சொற்களைக் கேட்டபோது, பாடலும் பொருளும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பதாக உணர்ந்தேன்.

இந்த இடத்தில், எண்ணெய் நிரப்பி ஆண்டுதோறும் பயன்படுத்தத்தக்க நெகிழிக் குழல் திரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை சிக்கனமானவை, சிந்தாதவை என்பது உண்மையே. ஆனால் பாஸ்கா திரி மெழுகால் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், ஒருபோதும் செயற்கையானதாக இருக்கக் கூடாது, ஆண்டுதோறும் புதிதாக்கப்பட வேண்டும், ஒன்றே ஒன்றாகவும் போதிய பெரிய அளவிலும் இருக்க வேண்டும் என்று வத்திக்கானின் இறைவழிபாட்டுப் பேராயம் 1988ஆம் ஆண்டின் சுற்றுமடலில் தெளிவாகக் கூறியுள்ளது. தன்னையே கரைத்து ஒளி தருவது கிறிஸ்துவின் பலியைக் காட்டும் அடையாளம். கரையாத குழலில் அந்த அடையாளம் பொய்த்துப்போகிறது. இதில் சமரசத்திற்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உயிர்ப்புக் காலத்தின் 50 நாள்களும் திரி பீடத்தின் அருகே நின்று, திருவழிபாடுகளின்போது எரிகிறது. பின்னர் திருமுழுக்குத் தொட்டியின் அருகே வைக்கப்படுகிறது. புதிதாகத் திருமுழுக்குப் பெறுவோரின் திரி இதிலிருந்தே ஏற்றப்படுகிறது. அடக்கத் திருப்பலியில் இது இறந்தவரின் பேழையருகே நிற்கிறது. ஆண்டு முழுவதும் உழைக்க வேண்டிய திரி என்பதால், அது சீராகக் கரைவது முக்கியம். உச்சியில் பித்தளை வளையம் பொருத்தி, ஒவ்வொரு முறையும் திரிநூலைச் சற்றுக் கத்தரித்து ஏற்றியவரை மெழுகு வழியவில்லை. சில வாரங்களில் மேற்பரப்பில் வெண்மையான படலம் படர்ந்தது. இது தேன்மெழுகின் இயல்பேயன்றிக் குறையன்று, மென்மையான துணியால் துடைத்தால் நீங்கிவிடும். இதைப் பற்றி உற்பத்தியாளர் ஒரு குறிப்பேனும் இணைத்திருக்கலாம்.

பித்தளை வளையத்தைத் தனியே வாங்க வேண்டியிருப்பது மற்றொரு குறை. விலை பாரஃபின் திரியைவிட அதிகம் என்றாலும், ஓராண்டுப் பயன்பாட்டை எண்ணினால் தயங்காமல் வாங்கலாம். முழுத் தேன்மெழுகுத் திரிக்கு வசதியில்லாத பங்கு ஆலயங்கள், குறைந்தது 51 விழுக்காடு தேன்மெழுகு கலந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே ஆண்டுக்கு ஆண்டு மாறி வருவதால், அதற்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் முன்பே சொல்லிவைப்பது நல்லது. அடுத்த ஆண்டும் இதையே வாங்கவிருக்கிறோம். துளைகளை மட்டும் அகலமாக இட்டு அனுப்புமாறு உற்பத்தியாளருக்கு எழுதியிருக்கிறேன்.