உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தேடல்: பவானி சிங் வழக்கை வைத்து ஒரு மதிப்பீடு

அரசு வழக்கறிஞர் ஒருவர் எதிர்த்தரப்புக்குச் சாதகமாக நடந்தார் என்று புகார் கிளம்பினால், நாளிதழ்த் தலைப்பில் புகாரும் தீர்ப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். அவற்றைப் பிரித்துப் பார்க்க, உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். (தன் தீர்ப்புத் தொகுப்பின் இணைய வடிவம்) சேவை பெரிதும் உதவுகிறது. கட்டணம் இல்லை. அதிகாரபூர்வத் தொகுப்பின் பிரதி என்பதால் தலைக்குறிப்பும், அதாவது தீர்ப்பின் முகப்பில் தொகுப்பாளர் எழுதும் சுருக்கமும், சேர்ந்து கிடைக்கிறது. ஆனால் தலைக்குறிப்பு தீர்ப்பின் பகுதி ஆகாது. மேற்கோள் காட்டுவதென்றால் உள்ளே இருக்கும் பத்தியைத்தான் காட்டவேண்டும்.

ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில் அவர் தரப்புக்குச் சாதகமாக நடந்தார் என்ற புகாருக்கு ஆளான சிறப்பு அரசு வழக்கறிஞர் ஜி. பவானி சிங் விவகாரத்தைத் தேடிப் பார்த்தால் சேவையின் பலமும் பலவீனமும் தெரியும். தொடர்புடைய தீர்ப்புகள் பல. வழக்கைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றியது 2003 நவம்பர் 18. அதனால் அரசு வழக்கறிஞரை நியமிக்கும் பொறுப்பு கர்நாடகத்திடம் போனது. 2013இல் கர்நாடக அரசு பவானி சிங்கை நீக்கியபோது, செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. ஜெயலலிதா தண்டிக்கப்பட்ட பின் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நடந்த மேல்முறையீட்டில் தமிழக அரசு அவரை ஆஜராக்கியதை திமுக பொதுச்செயலாளர் க. அன்பழகன் எதிர்த்தார். 2015 ஏப்ரல் 15இல் நீதிபதிகள் மதன் லோக்கூர், பானுமதி இருவரும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். ஏப்ரல் 27இல் தீபக் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு அந்த நியமனம் சட்டப்படி செல்லாது என்றது.

கவனிக்க வேண்டியது காரணத்தைத்தான். நியமிக்கும் அதிகாரம் தமிழக அரசுக்கு இல்லை, விசாரணை நீதிமன்றத்துக்கான நியமனம் மேல்முறையீட்டுக்குத் தானாக நீளாது. தீர்ப்பு நிற்பது இந்த இரண்டின் மேல்தான். பவானி சிங் லஞ்சம் வாங்கினார் என்ற முடிவு அதில் இல்லை. பத்தாண்டுகளாக அவர் பெயர்மேல் படிந்திருக்கும் கறையைப் பற்றிப் பேசுவோர் இந்த வேறுபாட்டை அறிந்தே பேசவேண்டும்.

சிக்கல் பெயர்த் தேடலில் வருகிறது. ஜெயலலிதா பெயரின் ஆங்கில எழுத்துக்கோவை, கடைசியில் ஒரு ‘ஏ’ என்றும் இரண்டு என்றும் தீர்ப்புக்குத் தீர்ப்பு மாறுகிறது. ஒன்றை மட்டும் தட்டினால் பாதி விடுபட்டுவிடும். அன்பழகன் பெயரில் தேடினால் 2003 தீர்ப்பும் 2015 தீர்ப்பும் கலந்து வரும். தீர்ப்புத் தேதியைக் கொடுத்து வடிகட்டுங்கள், நீதிபதி பெயரையும் சேருங்கள். இதே வகையான வேறு வழக்குகளுக்கு, சிறப்பு அரசு வழக்கறிஞர் நியமனம் பற்றிய சட்டப்பிரிவால் தேடுவது இன்னும் நல்லது: பழையவற்றுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 24(8), 2024 ஜூலை 1க்குப் பிந்தியவற்றுக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 18(8).

பெரிய குறை ஒன்று உண்டு. எழுத்துமூல வாதங்கள் இதில் இல்லை. கர்நாடகத்தின் சார்பில் வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வாதத்தையும், அதே மேல்முறையீட்டில் பவானி சிங் முன்வைத்ததையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்க வழியில்லை. அரசு வழக்கறிஞரின் வேலையை எடைபோட அதுதான் முதல் ஆவணம். ஜெயலலிதாவைத் தண்டித்த சிறப்பு நீதிமன்றத்தின் 2014 செப்டம்பர் 27 தீர்ப்பும் இங்கே கிடைக்காது. இது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கான தொகுப்பு மட்டுமே.