கறுப்பினத் திருச்சபைகளின் வாய்மொழி வரலாறு: எந்த நிதி எதற்கு?

அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபை ஒன்றில் எண்பது வயதைத் தாண்டிய இருபது பேரின் நினைவுகளைப் பதிவு செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் 30 மணி நேர ஒலிப்பதிவு. கருவிக்கு ஆகும் செலவைவிட எழுத்துப்படிக்கு ஆகும் செலவுதான் கையைக் கடிக்கும். ஒரு மணி நேரப் பேச்சைப் பிசகில்லாமல் எழுத 4 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். வெளியாளிடம் கொடுத்து, நிமிடத்துக்கு 1.50 டாலர் என்று கணக்கிட்டால் 2,700 டாலர். ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு மைக், மதிப்பூதியம், பகுதிநேர ஒருங்கிணைப்பாளர் எல்லாம் சேர்த்தாலும் 15,000 டாலருக்குள் முடித்துவிடலாம். கூரை மாற்றும் செலவோடு பார்த்தால் இது சில்லறை. சிக்கலும் அதில்தான் இருக்கிறது, ஏனென்றால் பெரிய நிதிகள் கட்டடத்தை நினைத்தே வகுக்கப்பட்டவை.

வரலாற்றுக் கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் நடத்தும் ‘பிரிசர்விங் பிளாக் சர்ச்சஸ்’ திட்டம் அப்படிப்பட்டது. லில்லி எண்டோமென்ட் அறக்கட்டளை தந்த 2 கோடி டாலரில் 2022இல் தொடங்கி, 2023 ஜனவரியில் முதல் சுற்றாக 35 சபைகளுக்கு 40 லட்சம் டாலர் வழங்கியது. அந்தச் சுற்றில் ஒரு சபைக்கு 50,000 முதல் 2,00,000 டாலர்வரை கிடைத்தது. வரலாற்றை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் பணிகளுக்கும் இதில் இடமுண்டு. ஆனால் வெறும் நேர்காணலுக்கு மட்டும் விண்ணப்பித்தால் எடுபடாது. கண்காட்சி, கட்டடச் சுற்றுலா போன்றவற்றின் பகுதியாகக் காட்டவேண்டும். பழுதுபார்ப்புத் திட்டம் ஏதும் இல்லாத சபை இதன் பின்னால் ஓடவேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

அமெரிக்கக் கூட்டரசின் தேசியப் பூங்காப் பணியகம் தரும் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடிமை உரிமைகள் (சிவில் ரைட்ஸ்) மானியம் வேறு ரகம். இதில் ‘வரலாறு’ என்றே தனிப் பிரிவு உண்டு, வாய்மொழி வரலாறு நேரடியாக அதில் அடங்கும். அண்மைச் சுற்றுகளில் இந்தப் பிரிவின் உச்சவரம்பு 75,000 டாலர். இணைநிதி, அதாவது சபை தன் பங்காகப் போடவேண்டிய தொகை, கேட்பதில்லை. சம உரிமைப் போராட்டத்தோடு சபைக்கு உள்ள தொடர்பை மட்டும் நிறுவியாக வேண்டும். 1963இல் குண்டுவெடிப்புக்கு ஆளான பர்மிங்ஹாம் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் சபைக்கு அது சிரமமில்லை. பெயர் தெரியாத கிராமத்துச் சபை, வாக்காளர் பதிவுக் கூட்டம் தன் கீழ்த்தள அறையில் நடந்ததைப் பழைய கூட்டக் குறிப்புகளை வைத்துக் காட்டவேண்டியிருக்கும்.

இந்த மானியத்தில் சபைகள் சறுக்குவது இரண்டு இடங்களில். முதலாவது, செலவழித்துவிட்டுக் கணக்குக் காட்டித்தான் பணம் பெற முடியும். கையிருப்பு இல்லாத சபை மூன்றாவது மாதமே முடங்கிவிடும். இரண்டாவது, கூட்டரசு நிதி பெறுவோருக்கான சாம் (SAM.gov) இணையதளத்தில் பதிவு செய்வது. பலகையில் இருக்கும் சபைப் பெயர் ஒன்று, பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயர் இன்னொன்று என்றால் சரிபார்ப்பிலேயே வாரக்கணக்கில் இழுக்கும். நகராட்சியையோ உள்ளூர் தொண்டு நிறுவனத்தையோ விண்ணப்பதாரராக நிறுத்தினால் இரண்டு தலைவலியும் குறையும்.

வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளை ஆதரிக்கும் மாநில மனிதவியல் மன்றங்கள் (ஹியூமானிட்டீஸ் கவுன்சில்கள்) தருவது சில ஆயிரம் டாலர்தான். விண்ணப்பம் சிறியது. தொண்டர்களின் உழைப்பு நேரத்தையே இணைநிதியாகக் காட்டலாம், வருகைத்தாளை அன்றன்றே நிரப்பினால். ஆனால் 2025 ஏப்ரலில் இவற்றுக்கான கூட்டரசு நிதி வெட்டப்பட்டது. மெலன் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் அவசர உதவி தந்து ஓரளவு தாங்கிப் பிடித்தது. எனவே எழுத உட்காருமுன் தொலைபேசியில் அழைத்து, சுற்று திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பல்கலைக்கழகக் கூட்டு பணமாக ஒன்றும் தராமல் போகலாம். ஆனால் மற்ற மூன்றையும்விட இதுவே முக்கியம். 1970இல் தொடங்கிய பேய்லர் பல்கலைக்கழக வாய்மொழி வரலாற்று நிறுவனம் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது. கென்டக்கிப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஓம்ஸ்’ மென்பொருள் இலவசம். முழு எழுத்துப்படி இல்லாமலே, நேரக் குறியிட்ட பொருளடக்கத்தை ஒலியோடு இணைக்க அது போதும். பதிவுகளை நிரந்தரமாகக் காக்க ஒரு காப்பகம் ஒப்புக்கொண்ட கடிதம் இருந்தால் எந்த விண்ணப்பமும் வலுப்படும்.

கவனிக்கவேண்டியது உரிமை. காப்பகம் நீட்டும் நன்கொடைப் பத்திரத்தில் முழுப் பதிப்புரிமையும் கைமாறிவிடலாம். பேசியவரிடமே உரிமை இருக்க, சபைக்கும் காப்பகத்துக்கும் பயன்படுத்தும் அனுமதி மட்டும் கிடைக்கும்படி மாற்றி எழுதக் கேளுங்கள். கையெழுத்தை ஒவ்வொரு அமர்வு முடிந்த கையோடு வாங்குங்கள். பிறகு என்று விட்டால் வாரிசுகளைத் தேடி அலைய நேரிடும்.

ஒலிப்பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பாக இருக்கட்டும். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. மூன்று பிரதிகள் வைத்தாலும் 100 ஜிபியைத் தாண்டாது. ஆராதனைக் கூடத்தில் எதிரொலி, விருந்துக் கூடத்தில் குளிர்பெட்டி இரைச்சல். கம்பளம் விரித்த ஞாயிறு பள்ளி அறையே நல்லது. குளிர்பெட்டியை நிறுத்தித்தான் ஆகவேண்டுமென்றால் கார்ச் சாவியை அதற்குள் வையுங்கள், திரும்ப இயக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. தானியங்கி எழுத்துப்படி பாடல் பெயர்களையும் மூப்பர் பெயர்களையும் சிதைக்கும், ஆகவே பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துத் திருத்தவேண்டும்.

எங்கள் வரிசை இது: முதலில் காப்பக ஒப்பந்தம், அடுத்து மாநில மன்றத்தின் சிறு தொகையில் ஐந்தாறு நேர்காணல்கள், அவற்றை மாதிரியாகக் காட்டிப் பூங்காப் பணியகத்துக்கு விண்ணப்பம். மானிய ஆணை கைக்கு வருமுன் செய்த செலவு பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. அதற்காக மிக மூத்தவர்களைக் காத்திருக்கவைக்க முடியாது. அவர்களுடைய பதிவை, போதகரை அல்ல, சபைத் தாய்மார்களையும் சமையல் குழுவினரையும் முதலில் வைத்து, சபை ஆண்டுவிழாக் காணிக்கையிலேயே முடித்துவிடுங்கள்.