லோயர் ஈஸ்ட் சைட் நடைப்பயணம்: சங்கங்களுக்கு ஐந்து, இளைஞர்களுக்கு இரண்டு

நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் இரண்டு மணி நேர நடைப்பயணம், தலைக்கு 35 டாலர். யூதச் சங்கங்கள், இளைஞர் இயக்கங்கள் இரண்டின் வரலாறும் உண்டு என்று விளம்பரம். சங்கங்களுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். இளைஞர் பகுதிக்கு இரண்டு, அதுவும் மனசு இரங்கி.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பார்க்கிறவன். எஸ்ஸெக்ஸ் தெரு நடைபாதையில் வழிகாட்டி அம்மா சொன்ன முதல் விஷயத்திலேயே விழுந்துவிட்டேன். 1843 அக்டோபரில் இதே தெருவில், சின்ஷைமர் என்பவரின் காபிக் கடையில், ஹென்றி ஜோன்ஸ் உட்பட 12 ஜெர்மன் யூதர்கள் கூடி ப்னாய் ப்ரித் சங்கத்தைத் தொடங்கினார்கள். முதலில் கையில் எடுத்த காரியங்களில் ஒன்று, உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவுக்கு 30 டாலர், விதவைக்கு ஆயுள் முழுக்க வாரம் ஒரு டாலர். சகோதரத்துவம் என்ற பெரிய பேச்செல்லாம் இருந்ததுதான். ஆனால் சம்பாதிக்கிறவர் போனபின் அடுப்பு எரிய வேண்டுமே.

அடுத்தது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் ஊர்ச் சங்கங்கள், அதாவது லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட். அந்த அம்மா ஒரு பழைய சந்தாப் புத்தகத்தின் நகலை எல்லார் கையிலும் கொடுத்தார். மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டியதற்கு முத்திரை. இரண்டு மாதம் காலியாக இருந்தது, மூன்றாவதில் மூன்று முத்திரையும் நெருக்கியடித்துக்கொண்டு. சந்தா கட்டினால் சங்க டாக்டர் உண்டு, ஊர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே கல்லறை இடமும் உண்டு. உடம்பு சரியில்லை என்று பணம் கேட்டால், நிஜமாகவே படுத்திருக்கிறாரா என்று வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு குழுவும் இருந்ததாம். எங்கள் தொழிலுக்கு அப்போதே ஆள் வைத்திருக்கிறார்கள்!

ஈஸ்ட் பிராட்வே 175இல், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் வந்த ஃபார்வர்ட் பத்திரிகையின் கட்டிடம், 1912இல் எழுந்த பத்து மாடி. வாசலுக்கு மேலே கல்லில் மார்க்ஸும் எங்கெல்ஸும் எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே இன்று விலை உயர்ந்த அடுக்குமாடி வீடுகள். அந்தப் பத்திரிகையோடு 'ஆர்பெட்டர் ரிங்' என்ற தொழிலாளர் சங்கமும் இங்கே இருந்தது. 1892இல் சிறு குழுவாகத் தொடங்கி 1900இல் தேசிய அமைப்பானது. சோஷலிசமும் பேசினார்கள், கல்லறை இடமும் வாங்கினார்கள். குயின்ஸில் அவர்களுடைய இடத்தில்தான் எழுத்தாளர் ஷோலெம் அலைக்கெம் அடக்கமாகியிருக்கிறார். அது இந்த நடையில் வராது.

அப்புறம் எதிரே செவார்ட் பூங்கா பெஞ்சில் உட்காரவைத்து இளைஞர் இயக்கங்களை அவசரமாக முடித்துவிட்டார்கள். கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்த பள்ளி மாணவர் சங்கங்கள் யூதப் பையன்களைச் சேர்க்காததால், 1924இல் ஓமஹாவில் எபிரேய எழுத்துகளில் பெயர் வைத்து ஆலெஃப் சாடிக் ஆலெஃப் என்ற யூதப் பையன்களின் சங்கத்தைத் தொடங்கினார்கள் என்பது மட்டும் வந்தது. மறுவருடமே ப்னாய் ப்ரித் அதைத் தத்தெடுத்தது பற்றியோ, 1944இல் பெண்களுக்கான கிளை சேர்ந்தது பற்றியோ பேச்சில்லை. 1913இல் கலீசியாவில் (இன்றைய போலந்து, உக்ரைன் பகுதி) சாரணர் பாணியில் பிறந்த ஹஷோமர் ஹட்சாயிர் என்ற யூத இளைஞர் இயக்கத்தின் பெயர்கூட வரவில்லை. 1943இல் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவில் நடந்த எழுச்சிக்குத் தலைமை தாங்கிய மொர்தெகாய் அனியெலெவிச் அந்த இயக்கத்துப் பையன். இளைஞர் இயக்கம் என்று விளம்பரம் செய்துவிட்டு அவரை விட்டால் எப்படி?

சங்கங்கள் ஏன் தேய்ந்தன என்று கேட்டேன். பிள்ளைகள் புறநகருக்குப் போய்விட்டார்கள் என்றார். சரிதான், ஆனால் பாதிக் கதை. இளைஞர்கள் சேராத சங்கத்தில் வயது கூடிக்கொண்டே போகும், சந்தா குறையும், க்ளெய்ம் ஏறும். 1935இல் முதியவர்களுக்கு அரசு பென்ஷன் தரும் சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தது, பிறகு கம்பெனிகளே குரூப் இன்சூரன்ஸ் கொடுத்தன. இருபது வயதுக்காரன் எதற்காகச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவான்? பையன்களுக்கான அமைப்பை ப்னாய் ப்ரித் சட்டென்று பிடித்துக்கொண்டதை நான் இந்தக் கணக்கோடுதான் சேர்த்துப் பார்க்கிறேன். பூங்கா பெஞ்சில் இதைச் சொல்லியிருந்தால் இரண்டு பாதியும் ஒட்டியிருக்கும்.

போகிறவர்கள் எஃப் ரயிலில் ஈஸ்ட் பிராட்வே ஸ்டேஷனில் இறங்குங்கள். சனிக்கிழமை வேண்டாம். நடை முடிந்தபின் பார்க்க வேண்டிய எல்ட்ரிட்ஜ் தெரு ஜெபாலயம், 1887இல் திறந்தது, இப்போது மியூசியம், அன்று மூடியிருக்கும். வழிகாட்டி அம்மாவுக்குப் பக்கத்திலேயே நடங்கள். மைக் கிடையாது, லாரிச் சத்தத்தில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது.