மரத்துக்கு நடுவுல ஆடு மேய்க்க சோலார் கரண்ட் வலை, ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்
மரங்களுக்கு நடுவுல செம்மறி விடறவங்களுக்கு இந்த வலை, அதாவது ஆடு தொட்டா ஷாக் அடிக்கிற சோலார் வேலி வலை, நிஜமாவே பெரிய உதவிங்க. சுருட்டி தோள்ல போட்டுட்டு போய் ஒரு ஆளே நட்டுடலாம், மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ இடம் மாத்திட்டே இருந்தா புல்லு திரும்ப தழையுது, புழுக்கையில இருந்து வர்ற குடல்புழு புல்லுல ஏறி மறுபடி ஆட்டு வயித்துக்குள்ள போறதும் குறையுது.

ஆனா புல்லு வளந்து கரண்ட் இழைய தொட்டுச்சுன்னா பவர் மண்ணுக்குள்ள இறங்கிடும், வெட்டிட்டு தான் நடணும். ஆடு தொடும்போது கரண்ட் மண்ணு வழியா திரும்பி வந்தா தான் ஷாக் அடிக்கும், மண்ணு காஞ்சா அந்த எர்த் கிடைக்காம ஷாக் வீக்காயிடுது, எர்த் ராடு (மண்ணுல அடிச்ச கம்பி) பக்கத்துல ஒரு குடம் தண்ணி ஊத்தின பிறகு தான் வோல்ட் பாக்கற டெஸ்டர்ல நம்பர் ஏறுச்சு. மேனுவல்ல இதப்பத்தி ஒரு வரி கூட இல்ல.

அப்படி வீக்கா இருந்த ஒரு ராத்திரி ரெண்டு ஆடு வெளிய போய் ஒரு இளம் மரக்கன்னோட பட்டைய சுத்தி வட்டமா உரிச்சுருச்சு, கன்னு பட்டே போச்சு, மனசு ஆறவே இல்ல. இப்ப சின்ன கன்னுக்கெல்லாம் தனியா கம்பிக்கூண்டு போட்டுட்டேன்.

கொம்பு வச்ச வெள்ளாடு வளக்கறவங்க தயவுசெஞ்சு இத வாங்காதீங்க, கொம்பு வலையில மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து.